இடமிருந்து வலம்

வெளியில் இரும்பு வேலை செய்கிறவனுக்கு வெயில்தான் எதிரி என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், மேடம். வெயிலை ஒரு தொப்பியும் ஒரு பாட்டில் தண்ணீரும் சமாளித்துவிடும். காற்றைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள் முதலில் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சிலிண்டர் வைத்த மிக் வெல்டிங் மெஷினை விட்டுவிட்டு, வேலையின் நடுவில் ஏன் பிளக்ஸ் கோர் கம்பிக்கு மாறினோம் என்று கேட்டீர்கள். உங்கள் நிபுணர் அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருப்பதைப் பார்த்தேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை. மாற்றியது நான்தான். மாற்றியதும் சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

உருகிய இரும்பு கைக்குழந்தை மாதிரி. காற்று படக் கூடாது. பட்டால் உள்ளே பொத்தல் விழும். அதற்காகத்தான் மிக் மெஷினில் சிலிண்டரிலிருந்து வாயு வந்து அதன்மேல் போர்வை போலப் படர்கிறது. பட்டறைக்குள் அது அருமையான ஏற்பாடு. வெளியில், ஒரு பலத்த காற்று போதும், போர்வை பறந்துவிடும். பிளக்ஸ் கோர் கம்பி அப்படி இல்லை. பார்க்கத்தான் கம்பி, உண்மையில் அது மெல்லிய குழாய். உள்ளே ஒரு பொடி அடைத்திருக்கும். எரியும்போது தனக்கு வேண்டிய புகையைத் தானே கக்கிக்கொள்ளும். பற்றவைத்த இடத்தின்மேல் ஒரு கருப்பு ஓடும் படிந்து மூடிக்கொள்ளும். ஸ்லாக் என்போம். ஆறிய பிறகு சுத்தியால் தட்டினால் உரிந்து வரும், அடியில் இரும்பு பளபளவென்று இருக்கும். சிலிண்டரை மாடி மாடியாகத் தூக்க வேண்டியதில்லை. லேசான துருவைப் பொருட்படுத்தாது. கனத்த தகட்டிலும் ஆழமாக இறங்கும். புகை அதிகம், தெறிப்பு அதிகம், ஒவ்வொரு வரிசைக்கும் ஓட்டைத் தட்டிச் சுத்தம் செய்தாக வேண்டும். இவ்வளவுதான் குறை.

அந்தத் தையல் தொழிற்சாலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நான்கு மாடி. பக்கத்துக் கட்டடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு லாரி நுழையும் அகலத்தில் சந்து. தீப்பிடித்தால் இறங்குவதற்காக அந்தச் சந்துப் பக்கம் வெளிப்படிக்கட்டு கட்டச் சொன்னார்கள். குழலில் ஊதுவது போல நாள் முழுக்க அங்கே காற்று. முதல் நாள் என் தம்பி மிக் மெஷினில் போட்ட இணைப்பைச் சூப்பர்வைசர் வந்து பார்த்தார்.

"என்னய்யா இது, சொத்தப் பல்லு மாதிரி இருக்கு?"

"காத்து சார்," என்றான் தம்பி.

"அதுக்கு? காத்த நான் புடிச்சுட்டு நிக்கணுமா?"

மறுநாளே நான் கம்பியை மாற்றினேன். அதன் பிறகு ஒரு இணைப்பிலும் ஒரு பொத்தல் கிடையாது. உங்கள் நிபுணரே அப்படித்தான் எழுதியிருப்பார். ஒன்றைத் தவிர.

வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் இதுதான். படிகளும் அவை நிற்கும் தூண்களும் என்னுடையவை. ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் வெளியே வரும் இரும்பு மேடை, அதைச் சுவரிலிருந்து தாங்கும் இரண்டு பிராக்கெட், இவை தம்பியுடையவை. பிராக்கெட் வேலை நுணுக்கமானது. என்னைவிட அவன் கை நல்ல கை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. யார் போட்ட இணைப்பு என்று தெரிவதற்காகப் பக்கத்தில் எண் அடிப்போம். இரும்பு அச்சை வைத்து ஒரு தட்டு. என் எண் நான்கு. அவன் எண் ஏழு.

அவனுக்கு இடக்கைப் பழக்கம். வேலையிடத்தில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, லெஃப்டு என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அவனுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது அவனுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அவன் என்னோடுதான். ஒரே வீடு, ஒரே வண்டி, ஒரே டிபன் தூக்கு. எனக்குக் கல்யாணம் ஆன பிறகும் அப்படித்தான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதை ஒரு குறையாக நான் என்றும் நினைத்ததில்லை.

அவனைக் கட்டிப்போட்டு வைத்திருந்தேன் என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருப்பாள். அது நியாயமில்லை. பத்தொன்பது வயதில் லாரி ஓட்டப் போகிறேன் என்று கிளம்பினான். அதற்கான காகிதங்கள் தண்ணீர் வாளியில் விழுந்துவிட்டன. நான் போட்டேன் என்று சொல்ல முடியாது. ஜன்னல் விளிம்பில் வைத்தேன், வாளி கீழே இருந்தது. நான்கு வருடம் முன்பு ஒரு சம்பந்தம் வந்தது. ஒரே பெண், மாப்பிள்ளை தங்கள் ஊரிலேயே வந்து இருக்க வேண்டும் என்றார்கள். பெண்ணின் மாமா தனியாக என்னிடம் விசாரிக்க வந்தார். வெல்டிங் புகையில் தம்பிக்கு நெஞ்சு கொஞ்சம் பலவீனம் என்று சொன்னேன். புகை நெஞ்சைக் கெடுக்கும் என்பது மருத்துவர்களே சொல்வதுதான். அந்தச் சம்பந்தம் ஏன் நின்றது என்று தம்பிக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்து அவனுக்கு என்ன ஆகப் போகிறது.

என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அவள்தான் அன்றைக்குக் கேட்டாள்: "நீங்க அவனுக்கு அண்ணனா, மூடியா? அவன கொஞ்சம் தொறந்து விடுங்களேன்."

"தொறந்தா என்ன ஆகும்?"

"ஆகறது ஆகட்டும். மனுஷன் என்ன ஊறுகாயா?"

அவளுக்கு எப்போதும் பேச்சு இப்படித்தான்.

கப்பல் கட்டும் தளத்துக்கு மனுப் போட்டதே அவள் யோசனை. என்னிடம் சொல்லாமல் இரண்டு பேருமாகச் சேர்ந்து படிவம் நிரப்பியிருக்கிறார்கள். கடல் தாண்டி, மூன்று வருட ஒப்பந்தம். தேர்வில் முதலாவதாக வந்துவிட்டான். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றான்.

"அண்ணே, போகட்டுமா?"

"போ. யாரு வேணாம்னா."

"மூணு வருஷந்தாண்ணே. வந்துருவேன்."

அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் வருவதில்லை, மேடம். அங்கேயே ஒரு வீடு, அங்கேயே ஒரு பெண், வருடத்துக்கு ஒரு போட்டோ. எனக்கு உலகம் தெரியும். அவனுக்குத் தெரியாது. தெரியாத ஒருவன் விழப் போகிறான் என்றால், தெரிந்தவன் சும்மா இருக்கலாமா.

கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. கடைசியாகச் செய்த வேலையில் அவன் எண் அடித்த இணைப்புகள் எல்லாம் சோதனையில் தேறின என்று ஒரு பரிசோதகர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். தாள் இல்லாவிட்டால் கடிதம் செல்லாது. நான் அந்தக் கடிதத்தை அவன் குளிக்கும்போது மூன்று முறை படித்தேன்.

தொழிற்சாலைப் படிக்கட்டுக்குச் சோதனை எப்படி என்று எனக்குத் தெரியும். மேடையின்மேல் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். பிராக்கெட் தாங்கினால் தேறியது, வளைந்தால் தேறவில்லை. மூட்டைகள் ஏற்கெனவே வந்து சந்தில் கிடந்தன. ஒரு மேடை வளைந்தால் போதும். ஆள் யாரும் மேலே இருக்க மாட்டார்கள். மணல்தான் விழும். தம்பிக்குத் தாள் கிடைக்காது. கொஞ்ச நாள் வருத்தப்படுவான், பிறகு சரியாகிவிடுவான். என் திட்டத்தில் இதற்குமேல் எதுவும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். தொழிற்சாலை விடுமுறை. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, "லீவு நாள்லயும் வேலையாண்ணே, லெஃப்டு வரலையா?" என்றார். "அவனுக்கு ஓய்வு குடுத்திருக்கேன். சில்லறை வேலைதான், நானே முடிச்சிடறேன்" என்றேன்.

மூன்றாவது மாடி மேடை, வெளிமூலைப் பிராக்கெட். தம்பி சனிக்கிழமை மாலை அவசர அவசரமாக முடித்தது அது. கப்பல் தளம் கேட்ட மருத்துவப் பரிசோதனைக்கு நேரமாகிறது என்று ஓடினான். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அவனே பிறகு யோசித்துப் பார்த்தால், அவசரத்தில் தவறிவிட்டது என்று சமாதானம் ஆகிவிடுவான் அல்லவா. அவசரத்திலும் அவன் நன்றாகத்தான் போட்டிருந்தான். அதைக் கிரைண்டரால் அறுத்து எடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏழு என்ற எண்ணை மட்டும் தொடாமல் விட்டேன்.

பிறகு அதே இடத்தில் நான் போட்டேன். முதல் வரிசையின் கருப்பு ஓட்டைத் தட்டி எடுக்காமல் அதன்மேலேயே அடுத்த வரிசை. வெளியிலிருந்து பார்த்தால் கனமான, அழகான இணைப்பு. உள்ளே பாதி கரி. பற்றவைத்த வரியில் மீன் செதில் மாதிரி அலை தெரியும், கை எந்தப் பக்கம் போயிற்று என்று அது காட்டிக்கொடுக்கும். தம்பியின் வரி இடமிருந்து வலமாக ஓடும் என்று எனக்கு மனப்பாடம். அப்படியே போட்டேன். என் தவறு அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மாலைக்குள் பெயின்ட் அடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை பரிசோதகர் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. குடைக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி மேலே பார்த்தார். "பிரமாதமா இருக்கே" என்றார். காரின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போடத் தொடங்கிவிட்டார். நான் பக்கத்தில் போனேன்.

"மூட்ட ஏத்தலையா சார்?"

"எதுக்குப்பா? உங்க வேலைல எனக்குச் சந்தேகமே கெடையாது. நனைஞ்ச மூட்டைய மூணு மாடி யாரு தூக்கறது?"

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல சார்."

"வேலை செஞ்சவனே சோதிங்கன்னு கேக்கறான் பாரு," என்று டிரைவரிடம் சொல்லிச் சிரித்தார். தம்பியின் தோளில் தட்டினார். "உங்கண்ணன மாதிரி ஆளுங்கதான்யா இப்ப வேணும்."

ஆக, நான் கேட்டேன். சோதனை செய்யச் சொல்லி நானே வாய்விட்டுக் கேட்டேன். இதை அவர் மறுக்க முடியாது. அவர் தன் வேலையைச் செய்திருந்தால் நாம் இருவரும் இன்று இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

தம்பிக்குத் தாள் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பயணம். பரிசோதகர் வந்துபோன மறுநாள் செவ்வாய்க்கிழமையே படிக்கட்டைத் திறந்துவிட்டார்கள். துணி இருக்கும் இடத்தில் டீ கூடாது என்பதால், நான்கு மணி இடைவேளையில் தையல்காரப் பெண்கள் கோப்பையோடு மேடைக்கு வந்து காற்று வாங்கத் தொடங்கினார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். யாரிடம் சொல்வது? சொன்னால் தம்பிக்கு என்மேல் என்ன எண்ணம் வரும்? அதனால் மூன்றாவது மாடிக் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதினேன்: ஒரே நேரத்தில் ஆறு பேருக்குமேல் நிற்க வேண்டாம். இரண்டு நாளில் மழை அதை அழித்துவிட்டது. மறுபடியும் எழுதினேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

கீழே கைப்பிடிக் கம்பி வேலை பாக்கி இருந்தது. தினமும் நான்கு மணிக்குச் சந்தின் எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்ப்பேன். ஏதாவது வளைந்தால் உடனே குரல் கொடுக்கத்தான் நின்றேன். அல்லது வளைகிறதா என்று பார்க்க நின்றேன். இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாவது மாடியில் பொத்தான் தைக்கிற ஓர் அக்கா இருந்தார். பொத்தான் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கம்பியில் சாய்ந்துகொண்டு தம்பியை வம்புக்கு இழுக்காவிட்டால் அவருக்கு டீ இறங்காது.

"ஏ லெஃப்டு, கப்பலுக்குப் போறியாமே. ஓட்டை போடவா, அடைக்கவா?"

"அடைக்கத்தாங்க்கா."

"உங்கண்ணன் என்ன சொன்னாரு?"

"அண்ணன் ஒண்ணும் சொல்லலக்கா."

"ஒண்ணும் சொல்லாத ஆம்பளைய நம்பாதடா. எங்க வீட்டுக்காரரும் ஒண்ணும் சொல்லாமத்தான் ஒரு நாளு செருப்ப மாட்டிட்டுப் போனாரு. செருப்பு தேஞ்சிருக்கும் இந்நேரம்."

மேடை முழுக்கச் சிரிப்பு. சிரிக்கும்போது எல்லோருமாக ஒரு பக்கம் சாய்வார்கள். அதையும் நான் கவனித்தேன்.

எட்டாம் நாள் வெளிமூலைப் பிராக்கெட்டின் பெயின்டில் முடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இனித் தானாகவே தொங்கும், சூப்பர்வைசர் கண்ணில் படும், கதவைப் பூட்டுவார்கள், பரிசோதகரின் கையெழுத்து ரத்தாகும், பயணம் நிற்கும். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல் முடிந்துவிடும். ஒன்பதாம் நாளும் அந்தக் கோடு அப்படியே இருந்தது. பிளக்ஸ் கோர் எவ்வளவு பிடிமானமான கம்பி என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வேண்டுமென்றே கெடுத்துப் போட்டதுகூட விட்டுக்கொடுக்க மறுத்தது.

பத்தாம் நாள் வந்துவிட்டது. வியாழக்கிழமை. மறுநாள் காலை ஆறு மணிக்குத் தம்பி கிளம்ப வேண்டும். வீட்டில் அவன் பெட்டிக்கு என் மனைவி கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் என்னிடம் இரண்டு முறை கேட்டீர்கள். இரண்டு முறையும் நான் தண்ணீர் கேட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

பெரிய பிளாஸ்க் இரண்டில் டீயும், ஒரு பெட்டி நிறைய பன்னும் வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாவது மாடிக் கதவில் நின்று, தம்பி நாளைக்குக் கிளம்புகிறான், அவன் சார்பில் எல்லோருக்கும் டீ, வெளியே வாருங்கள் என்று கூப்பிட்டேன். சந்தோஷமாக வந்தார்கள். தம்பியிடம் முன்பே சொல்லியிருந்தேன்: "நீ கீழ கேபிள சுத்தி வெய்யி. மேல நான் பாத்துக்கறேன்."

"நான் ஒரு எட்டு வந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போறேண்ணே."

"கேபிள் மொதல்ல."

அவன் என் பேச்சைத் தட்டியதே இல்லை.

நான் மேடையில் நிற்கவில்லை. படியில் நின்றுதான் கோப்பைகளை நீட்டினேன். படிகள் நான் பற்றவைத்தவை.

"லெஃப்டு எங்க?" என்றார் பொத்தான் அக்கா. "அவன் இல்லாம அவனுக்கு விருந்தா? நல்ல அண்ணன்யா நீங்க."

"வருவாங்க்கா. நீங்க குடிங்க."

பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. கதவு வழியாக எட்டிப் பார்த்தேன், உள்ளே இன்னும் இரண்டு பெண்கள் மெஷினிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு முடிக்க வேண்டும் என்றார்களா, தைத்து முடிக்க வேண்டும் என்றார்களா, சரியாகக் காதில் விழவில்லை. டீ ஆறிவிடும் என்று சொல்லி அவர்களையும் கூப்பிட்டேன்.

சத்தம் பெரிதாக இல்லை. தகரப் பெட்டியை நகத்தால் நெம்பித் திறந்தால் வருமே, அந்த அளவுதான். மேடை மொத்தமாக விழவில்லை. வெளிமூலை மட்டும் கீழே போயிற்று, சரிந்த தட்டிலிருந்து பருப்பு வழிவது போல. ஆறு பேர் உள் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். அதில் நான்கு பேரை நான்தான் கை கொடுத்துப் படிக்கு இழுத்தேன். இது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஐந்து பேருக்கு எலும்பு முறிந்தது. மூன்று பேர் இறந்தார்கள். கடைசியாக நான் கூப்பிட்ட இருவரில் ஒருவர், இடது கோடியில் நின்ற ஒரு பெண், பொத்தான் அக்கா.

வளையும் என்றுதான் நினைத்தேன். வளைவதற்கும் முறிவதற்கும் வித்தியாசம் உண்டு. தொழில் தெரிந்தவர்கள் அதை ஒப்புக்கொள்வார்கள்.

நான் கீழே வந்தபோது தம்பி அந்தப் பிராக்கெட் துண்டின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் அத்தனை அலறல். அவன் எதையும் பார்க்கவில்லை. இடது கட்டைவிரலால் இரும்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே," என்றான். "ஏழு."

நான் அவன் தலையை என் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். ஏழு வயதில் அழுதபோது அணைத்துக்கொண்டது மாதிரி. அவன் பயணம் போகவில்லை. போகச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் அவன் வீட்டிலேயே இருந்தான். சாப்பிட மாட்டான், நான் பிசைந்து ஊட்டுவேன். தூக்கத்தில் எழுந்து உட்காருவான், நான் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். "என்னாலதான்ணே" என்பான். "விடுடா, அவசரத்துல யாருக்கும் தவறும்" என்று ஆறுதல் சொல்வேன். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லா சாப்புடறீங்க," என்றாள்.

"பசிக்குது."

"ஆமா. இத்தன வருஷத்துல நீங்க ரெண்டாம் தடவ சோறு கேட்டு நான் பாத்ததில்ல."

அதன் பிறகு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அது எனக்குத் தொந்தரவாக இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் வீடு நன்றாகவே இருந்தது.

பதின்மூன்றாம் நாள் காலை நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவனாகவே உங்களிடம் வந்து, நான்தான் செய்தேன், என் கைத் தவறுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். என்னைக் கேட்காமல் அவன் செய்த இரண்டாவது காரியம் அது. அவனை உள்ளே வைத்துவிட்டீர்கள். ஐந்து வருடமாவது ஆகும் என்று வக்கீல் சொன்னார். கப்பல் தளம்கூட மூன்று வருடம்தான்.

நானாக வந்து சொல்லியிருப்பேனா என்று கேட்டீர்கள். தெரியவில்லை. இன்று காலை நீங்கள் அந்தப் பெரிய படத்தை மேசையில் வைத்தீர்கள். மற்ற ஏழு பிராக்கெட்டுகள், கூடவே இந்த ஒன்று. விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

உங்கள் நிபுணர் கெட்டிக்காரர். மிக் மெஷினில் கம்பியைத் தள்ளிக்கொண்டு போவோம். பிளக்ஸ் கோரில் இழுத்துக்கொண்டு வர வேண்டும், தள்ளினால் ஓடு உள்ளே சிக்கிக்கொள்ளும். இடக்கைக்காரன் தள்ளினால் வரி இடமிருந்து வலம் போகும். அதே கை இழுத்தால் வலமிருந்து இடம் வரும். இத்தனை வருடமும் பட்டறையில் தம்பியின் கையை மிக் மெஷினில்தான் பார்த்திருக்கிறேன். அவன் வரி இடமிருந்து வலம் என்பது என் கண்ணிலேயே ஊறிப்போயிருந்தது. கம்பியை மாற்றியவன் நான். கம்பி மாறினால் அவன் கை திரும்பும் என்பதை மறந்தவனும் நான். ஏழு பிராக்கெட்டிலும் செதில் ஒரு பக்கம் பார்க்கிறது, எட்டாவதில் மட்டும் எதிர்ப்பக்கம். வலது கையால் இழுத்த வரி. அந்த வேலையில் வலது கை ஒன்றுதான் இருந்தது. அவன் கையை அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

மறுக்க ஒன்றும் இல்லை. அறுத்தது நான். கெடுத்துப் போட்டது நான். பத்து நாள் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தது நான். பதினான்கு பேரையும் பெயர் சொல்லாத குறையாக ஒவ்வொருவராக வெளியே வரவழைத்தது நான். தம்பிக்கு ஒன்றும் தெரியாது.

அப்படியானால் இன்று மாலையே அவனை விட்டுவிடலாம் என்று சற்று முன்னால் அந்த ஏட்டையாவிடம் சொன்னீர்கள். என் காதிலும் விழுந்தது. என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், கயிறு கட்டிய அதே பெட்டியோடு. கப்பல் தளத்துக்கு அவளே போன் போட்டுப் பேசிவிட்டாளாம். வேறு தேதி கொடுக்கிறோம் என்றார்களாம். உள்ளே வரும்போது என் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

மேடம், நீங்கள் படித்தவர். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இவ்வளவும் கேள்விப்பட்ட பிறகு அவன் மனநிலை எப்படி இருக்கும்? அந்த நிலையில், தெரியாத தேசத்தில், தனியாக அவன் என்ன செய்வான்? அவனுக்குச் சூடு ஆறாமல் சாப்பிடத் தெரியாது. போர்வையை உதைத்துத் தள்ளிவிடுவான். யார் எடுத்துப் போடுவார்கள்? நான் எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு எவ்வளவு வருடம் என்றாலும் சம்மதம்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னது. எழுதும்போது ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போட்டது தம்பிக்குத் தெரியும், இருவருமாகப் பேசி வைத்துத்தான் செய்தோம் என்று. அவன் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த தாளைக் கிழிக்க வேண்டாம், அதையும் இதோடு சேர்த்துவிடலாம். அண்ணன் தம்பியை ஒரே இடத்தில்தானே வைப்பீர்கள்? உள்ளே வெல்டிங் பட்டறைகூட இருக்கிறது என்று வக்கீல் சொன்னார்.

அவனைக் கொஞ்சம் இங்கே வரச் சொல்லுங்கள், மேடம். ஐந்து நிமிடம் போதும். நான் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவான், நல்ல பிள்ளை.